குரல் கம்மிய காரணம்

டாக்டர் இலிங்கா கோப்பைப் பிரித்ததுமே பிளாகோயா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் மனைவி வாஸ்கா வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பரிசோதனை முடிவுக்காக இருவரும் பிரிலெப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து ஸ்கோப்யே வந்திருந்தார்கள்.

“குரல் எப்ப கம்ம ஆரம்பிச்சுது?”

“பிப்ரவரியில, டாக்டரம்மா. மொதல்ல சளின்னு நெனச்சோம்.”

“சிகரெட் உண்டா?”

“ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். முப்பது வருஷம்.” பிளாகோயா தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். “நோயாளிக்குப் புகைப்பழக்கமே இல்லைன்னு இதுல எழுதியிருக்கே?”

“ஊதினது நான், டாக்டரம்மா. பக்கத்துலயே இருந்து அதைச் சுவாசிச்சது இவ. இவ தொண்டைய நான்தான் கெடுத்துட்டேன்.”

சதை எடுத்துச் சோதித்ததிலிருந்து பேசக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருந்த வாஸ்கா, கணவரின் முழங்கையைக் கிள்ளினாள்.

“ஐயா, இது புகையால வர்ற புற்றுநோய் இல்ல. இது லிம்போமா, நிணநீர்ல வர்ற வேற வகைப் புற்றுநோய். வழக்கமா கழுத்துல நெறி கட்டி வரும். குரல் நாண்லயே முளைச்சு நான் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. அங்க எப்படிப் போய் உக்காந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. அறுக்க வேண்டாம். கதிர் சிகிச்சையிலயே குணமாயிடும்.”

“அப்ப... என்னால வரலையா?”

“உங்களால இல்ல.”

பிளாகோயா குழந்தை போலத் தேம்பினார். வாஸ்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எழுதி, டாக்டரிடம் மட்டும் நீட்டினாள்:

“குணமாகும்னு சொன்னதுக்கு நன்றி. ஆனா புகையால வரலைங்கறதை இவர்கிட்ட ஏன் சொன்னீங்க? மூணு மாசமாத்தான் சிகரெட்டைத் தொடாம இருக்கார்!”