முப்பது முட்டை

அன்றைக்குச் சாவடியில் இருந்தவர்கள்: பத்துக் காணி நிலமும் பன்னிரண்டு வாத்தும் உள்ள ராசாங்கம், வாத்தியார் சவரிராஜ், வண்டிக்காரர் பிச்சைமுத்து, இரண்டு கோழியைப் பறிகொடுத்த செங்கமலம், அதைத் திருடிய அய்யாக்கண்ணு, நான். ஆக ஆறு பேர். வருஷம் 1946.

மூன்றாம் தடவை பிடிபட்டதால் அய்யாக்கண்ணுக்குப் பத்து மாதம். திருச்சி ஜெயிலிலிருந்து முந்தாநாள்தான் வந்தான். பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்கு நடந்தே வந்தான். உள்ளே ஜமுக்காளம் நெய்யக் கற்றுக்கொண்டானாம். சாவடிக்குப் பின்னால் சும்மா கிடக்கிற கொட்டகையைக் கொடுத்தால் தறி போட்டுப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னான்.

ராசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஜெயிலுக்குப் போனவன் கோழி கூவினாலே நடுங்கணும். இவனுக்கு வெள்ளைக்காரன் வேளா வேளைக்குச் சோறு போட்டு, தொழிலும் கத்துக்குடுத்து அனுப்பியிருக்கான். பாருங்க, கன்னம் வச்சிருக்கு."

"திருந்தத்தானேங்க அனுப்பினோம்?" என்றார் வாத்தியார்.

"நான் தண்டனைக்குத்தான் அனுப்பினேன். நீங்க எதுக்கு அனுப்பினீங்களோ."

திருந்தத்தான் என்றால் பள்ளிக்கூடத்தில் பிரம்பு எதற்கு என்று பிச்சைமுத்து வாத்தியாரைக் கேட்டார்.

கடைசியில் ராசாங்கமே ஒரு வழி சொன்னார். பெரம்பலூர்ச் சந்தைக்கு என்று செங்கமலம் கூடையில் முட்டை வைத்திருந்தாள்.

"கூடையோட இவனைத் தனியா வுடுவோம். சாயங்காலம் எண்ணுவோம். ஒண்ணு கொறைஞ்சாலும் ஊரை வுட்டுக் கிளம்பிடணும். சரியாடா?"

"சரிங்க ஐயா."

எண்ணி வைத்தது நான். கோழி முட்டை முப்பது. மேலே செங்கமலத்தின் துணியைப் போட்டு மூடினேன். திருடனுக்குப் பரீட்சை, எனக்குச் சந்தை போச்சா என்று செங்கமலம் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

என் வீடு சாவடிக்கு எதிரே. அங்கிருந்தே பார்த்தேன்: ஒருவரும் அவரவர் வீட்டில் தங்கவில்லை.

முதலில் வாத்தியார், குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி வந்தார். குடை அவர் கையிலேயே இருந்தது. பிறகு பிச்சைமுத்து பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தார். செங்கமலம் தன் துணி பத்திரமா என்று பார்க்க வந்தாள். பயல் ஓடிவிட்டானா என்று பார்க்க ராசாங்கம் வந்தார். எண்ணிக்கையைச் சரிபார்க்க நானும் ஒருதரம் போய்வந்தேன்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் எண்ணினேன். முப்பது வந்தது. அப்புறமும் கூடையில் முட்டை இருந்தது. திரும்ப எண்ணினேன். முப்பத்தைந்து.

"ஏண்டா, இது எப்படி?" என்றார் ராசாங்கம்.

அய்யாக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டான்.

"தெரியாதுங்க ஐயா. வந்தவங்க எல்லாருமே துணிக்குள்ள கைய வுட்டாங்க. எடுத்துட்டுத்தான் போறாங்கன்னு நெனச்சேன். கேக்கவும் பயம். கூட இருக்கறது என்னுது இல்லீங்க. யாருதோ அவங்க எடுத்துக்கிடுங்க. இதுக்கும் ஒரு பத்து மாசம்னு சொல்லிடாதீங்க."

யாரும் எடுக்கவில்லை. வாத்தியார் குடையை விரித்துப் பார்த்தார். பிச்சைமுத்து பீடியைப் பார்த்தார். அது இன்னும் பற்றவைக்காத பீடி.

ஒரு முட்டை மட்டும் பெரிதாக, லேசான நீலமாக இருந்தது. வாத்து முட்டை. எல்லாரும் ராசாங்கத்தைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார்.

"கொட்டகைக்கு ஓலை மாத்தணும்டா. மழை வந்தா தறி நனைஞ்சிடும்," என்றார்.

கணக்கை முடித்தேன். முப்பது போக முட்டையில் மிச்சம் ஐந்து. அய்யாக்கண்ணு போக ஆளிலும் மிச்சம் ஐந்து.