குடும்பத் தலைவர் முன்னால வரவும்

“குடும்பத் தலைவர் எங்கே?” என்று கேட்டார் கிறிஸ்துமஸ் தாத்தா.

பாக்கியம் முக்காடு போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டியபடி வாசலில் நின்றிருந்தாள். பின்னால், காகிதத்தைக் கசக்கி காப்பித்தூள் தண்ணீர் தெளித்துச் செய்த சின்னக் குடில்.

“வந்துக்கினுதான் இருந்தாருண்ணே. நடுவுல யாரோ அவசரமா போன் பண்ணாங்களாம். நீயே வாங்கி முத்தி பண்ணிடுன்னாரு.”

“சவரி சவாரி போயிட்டாருன்னு சொல்லு.”

கேரல்ஸ் பாடி வந்த கூட்டம் சிரித்தது. பாக்கியத்தின் புருஷன் சவரி, ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிறு பூசையில் கடைசித் தூணோரம் நிற்பார். ஜெபக் கூட்டத்துக்கு வந்ததே இல்லை.

தாத்தா முகமூடிக்குள் இருந்தவர் இன்னாசிமுத்து. மந்தைவெளியில் அந்த நாலு தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்குழுவுக்குத் தலைவர். தாத்தா வேஷமும் அவர்தான், கோயிலிலிருந்து குழந்தை இயேசு சுரூபத்தை ஏந்தி வருவதும் அவர்தான். வேறு யாரிடம் கொடுத்தாலும் கீழே போட்டுவிடுவார்களாம்.

இந்த வருஷம் அவர் புதிதாக ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாதான் முன்னால் வந்து குழந்தை இயேசுவைக் கையில் வாங்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் அதை முத்தமிட்டு முத்தி செய்யலாம். மாட்டுக் கொட்டிலில் மரியாளின் கணவர் சூசையப்பர்தானே முதலில் வாங்கியிருப்பார் என்பது அவருடைய வாதம்.

“ஆண்டவர் குழந்தையா வீடு தேடி வர்றார். அன்னைக்குக்கூட வீட்ல இல்லாதவன் என்ன அப்பன்? இதோ வந்துடறேன் மரியேன்னு சூசையப்பர் எங்கயாவது கிளம்பிட்டாரா?”

பாக்கியம் நீட்டிய கை மெதுவாகக் கீழே இறங்கியது. கூட்டம் இரண்டு அடி பாடிவிட்டு நகர்ந்தது.

“பாவம்ணே. ஒரு நிமிஷம் அந்தப் பொண்ணு கையில குடுத்திருக்கலாம்” என்றாள் பாட்டுப் புத்தகம் வைத்திருந்த லூர்தம்மா.

“முறைன்னா முறைதான், லூர்தம்மா.”

சொல்லிக்கொண்டே இன்னாசி நெஞ்சில் கை வைத்தார். இரண்டாவது வீட்டிலிருந்தே இப்படித்தான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ துடிக்கிறதாம். பரிசுத்த ஆவியானவர் அசைவாடுகிறார் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாட்டுக்கு ரெண்டு தரம் வர்றாரே அண்ணே” என்றாள் லூர்தம்மா. அவர் காதில் அது விழவில்லை. மேளச் சத்தம்.

பதினாலு வீடு முடிந்து, கடைசியாக இன்னாசியின் வீடு. தலைவர் வீட்டில்தான் எல்லோருக்கும் கேக்கும் டீயும். அந்த நினைப்பிலேயே எல்லோரும் வேகமாகப் பாடிக்கொண்டு படியேறினார்கள்.

வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே தெரிந்த குடிலில் விளக்கு எரியவில்லை.

வீட்டுக்கு வீடு கூவி வந்த பழக்கத்தில் லூர்தம்மா, “குடும்பத் தலைவர் முன்னால வரவும்” என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொல்லென்று சிரிப்பு.

அப்போது கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் சவரி. பின் சீட்டிலிருந்து இன்னாசியின் எட்டு வயது மகள் ஜெசிந்தாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினார். பின்னாலேயே மருந்துக் கவரோடு இன்னாசியின் மனைவி பெனிட்டா. அழுது ஓய்ந்த முகம்.

“என்னாச்சு?” என்று முகமூடிக்குள்ளிருந்தே கேட்டார் இன்னாசி.

“நாலரைக்கு மூச்சு இரைக்க ஆரம்பிச்சது. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. உங்களுக்குப் பதினோரு தடவை போன் பண்ணேன்.”

இன்னாசியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. சிவப்பு அங்கிக்கு அடியில், சட்டைப் பையில், ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று சத்தத்தை அணைத்து, அதிர மட்டும் விட்டிருந்த போன்.

லூர்தம்மா பாட்டுப் புத்தகத்தை மூடினாள்.

வேறு வழி தெரியாமல்தான் ஸ்கூல் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன் என்றாள் பெனிட்டா. வீட்டுக்குப் போகிற வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆறு நிமிஷத்தில் வந்துவிட்டாராம். டாக்டர் பார்த்து முடிக்கும்வரை குழந்தையைக் கீழே இறக்கவேயில்லையாம்.

“அத்த வுடுங்கம்மா. தெனம் நாம இட்டுக்கினு போற பாப்பாதானே” என்றார் சவரி. “மூஞ்சில மாஸ்க் வச்சு ரெண்டு தபா ஆவி புடிச்சாங்க சார். இப்ப நல்லா மூச்சு வுடுது.”

ஜெசிந்தா லேசாகக் கண்ணைத் திறந்தாள். எதிரில் வெள்ளைத் தாடி.

“தாத்தா, எங்கப்பாவை வழியில பாத்தீங்களா?”

இன்னாசி முகமூடியைக் கழற்றினார். தாடியில் பாதி காதிலேயே தொங்கியது. மகளை வாங்க அவசரமாகக் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் தெரிந்தது, கையில் குழந்தை இயேசு இருப்பது. இறக்கிவைக்க இடமில்லை. வேறு யாரிடமும் கொடுத்தும் பழக்கமில்லை. அப்படியே நின்றார்.

பெனிட்டாதான் சொன்னாள்:

“உங்க குழந்தையை சவரி அண்ணன் கையில குடுத்துட்டு, நம்ம குழந்தையை வாங்குங்க.”