தட்டாத கத்தி

"மீசையை எடுத்துட்டு வாங்க, ரேடியோக்காரரே. அப்புறம் பேசலாம்."

அனிபாலுக்குக் காது சூடாகிவிட்டது. ஹவானா முழுக்கத் தெரிந்த வானொலிக் குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்படுவது, மேலுதட்டை மூடித் தொங்கும் மீசையைப் பற்றித்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போயிருப்பார். சொன்னவர் எலாதியோ. அவர் கையால் சுற்றிய சுருட்டுக்காகக் கடலுக்கு அப்பாலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

வானொலி நிலையம் அனிபாலை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பவர் வேலை கேட்டு வந்திருந்தார். தொழிலாளிகள் சுருட்டுச் சுற்ற, மேடையில் உட்கார்ந்து காலையில் பத்திரிகையும் அதன்பின் நாவலும் படித்துக்காட்ட வேண்டும். அந்த வேலையை நிர்வாகம் கொடுக்க முடியாது, தொழிலாளிகள்தான் வாக்களித்துக் கொடுக்க வேண்டும். வாசிப்புப் பிடித்தால் இலை வெட்டும் கத்தியால் மேசையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அனிபால் வாசித்துக் காட்டிய இந்த ஒரு வாரத்தில் இரண்டுமே நடக்கவில்லை. முதல் வரிசையில், மேடைக்கு நேர் கீழே இருக்கும் எலாதியோ தட்டினால்தான் மற்றவர்களும் தட்டுவார்கள். அவர் தட்டவே இல்லை.

மறுநாள் வாக்கெடுப்பு. இந்த வயதில் இனி எங்கே போய் வேலை தேடுவது? அதனால்தான் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எலாதியோவின் வீட்டுப் படியேறியிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்று பின்னாலிருந்து வந்து காப்பியை வைத்தாள் எலாதியோவின் மனைவி மிர்தா. தொழிற்சாலையிலும் கணவருக்குப் பக்கத்து இருக்கைக்காரி. "போன தடவை வாசிக்க வந்தவரு பேப்பரை மூஞ்சிக்கு நேராப் பிடிச்சாருன்னு விரட்டிவிட்ட ஆளு, இந்தக் கிழவன்."

கிழவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அனிபாலை ஜன்னலுக்கு எதிரே, வெயில் முகத்தில் விழும்படி உட்காரவைத்தார். மடியில் பலகையை வைத்து இலைகளை அடுக்கிச் சுற்ற ஆரம்பித்தார். கண் ஒரு தடவைகூட இலைக்குப் போகவில்லை. 'எலாதியோ தன் கையைப் பார்க்கமாட்டார்' என்பது ஊரறிந்த பேச்சு. தொழிற்சாலையிலும் தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தபடியேதான் சுற்றுவார். கர்வம் என்பார்கள். விரல்கள் தாமாக இலையை நீவி, உருட்டி, முனை மூடுவதைக் கிட்டத்தில் பார்த்தபோது, இந்தக் கைக்கு எவ்வளவு கர்வமும் தகும் என்று அனிபாலுக்குத் தோன்றியது.

அலமாரியில் ஆறவைத்திருந்த சுருட்டு ஒன்றை எடுத்து நுனி நறுக்கி, தேவதாருச் சீவலில் நெருப்பேற்றிக் கொடுத்தார் கிழவர்.

அனிபால் புகையை இழுத்து நாக்கில் நிறுத்திப் பார்த்தார். முதலில் வறுத்த காப்பிக்கொட்டை. பிறகு லேசாகத் தேன். பாதி தாண்டியதும் நாக்கின் ஓரத்தில் மிளகு எட்டிப்பார்த்தது. சாம்பல் விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. வந்த காரியமே ஒரு நிமிடம் மறந்துவிட்டது. இத்தனை வருடம் நாம் புகைத்ததெல்லாம் சுருட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

"பேசும்போது சுருட்டை வாயிலேர்ந்து எடுங்க. புகையை அந்தப் பக்கம் விடுங்க," என்றார் கிழவர். அனிபால் பள்ளிக்கூடப் பையன்போல அப்படியே செய்தார்.

கேட்ட ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்கவைத்தார் எலாதியோ. பெரிய கலைஞர்களின் குணம் என்று அதையும் பொறுத்துக்கொண்டார் அனிபால். கடைசியில் துணிந்து கேட்டார்.

"என் குரல்ல என்ன குறை மாஸ்டர்?"

"குரலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே. மீசையைத்தானே சொன்னேன்."

சமையலறையில் மிர்தா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

சுருட்டு விரலைச் சுடும்வரை புகைத்துவிட்டு அனிபால் எழுந்தார். இப்படி ஒன்றைச் செய்யத் தெரிந்த மனிதர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும். நேரே முடிதிருத்துபவர் கடைக்குப் போனார். கண்ணாடியில் தெரிந்த முகம் உரித்த கோழிபோல இருந்தது.

மறுநாள் மண்டபமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அனிபால் புத்தகத்தை மார்புக்குக் கீழே இறக்கிப் பிடித்து நாவலைத் தொடர்ந்தார். கப்பல் புறப்படப்போகிறது. மாலுமியின் மகள் துறைமுகத்தில் தயங்கி நிற்கிறாள். எலாதியோவின் கண் அவர்மீதே இருந்தது, கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தப் பெண் திரும்பி அம்மாவைப் பார்க்கும் இடத்தில் கைகள் நின்றன.

டக்.

முதல் வரிசையிலிருந்து ஒரே ஒரு கத்திச் சத்தம். அடுத்த நொடி, தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல அத்தனை கத்திகளும் தட்டின. வாக்கெடுப்பு வெறும் சடங்காக முடிந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அனிபால் நெஞ்சு நிறைந்து மேடையிலிருந்து இறங்கி வந்தார். எலாதியோ முதுகைக் காட்டி இலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மிர்தா.

"மாஸ்டர்!" என்றார், பழைய வானொலிக் கம்பீரத்தோடு.

பக்கத்து அறையில் இலை பிரிப்பவள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எலாதியோ திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் இல்லை.

மிர்தா அவசரமாக அனிபாலின் கையைப் பிடித்தாள். "கத்தாதீங்க தம்பி. நாலு வருஷமா இவனுக்கு ஒரு சத்தமும் கேக்காது. கதை இல்லாம இவனுக்குக் கை ஓடாது. உதட்டைப் பார்த்தேதான் கேட்டுக்கறான். வெளியே சொல்லிடாதீங்க."

பிறகு கணவரின் தோளைத் தொட்டாள். எலாதியோ திரும்பி, மழித்த மேலுதட்டைத் திருப்தியாகப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கப்பல்ல ஏறுவாளா, மாட்டாளா?"

அனிபால் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: "நாளைக்குச் சொல்றேன் மாஸ்டர்."

"கேட்டுச்சு," என்றார் எலாதியோ.