இடது பக்கத்து இருமல்

“தூ! மறுபடியும் இருமிட்டான்,” என்று முகத்தைச் சுளித்தார் ஊசிக்காரர். “சளியை என் மடியிலயே துப்பின மாதிரி இருக்கு.”

“பாவம், வெந்நீர் வெச்சுக் கொண்டாரட்டுமா அவனுக்கு?” என்று அடுக்களையிலிருந்து சீண்டினாள் மனைவி.

இருமியவன் வீட்டில் இல்லை, இசைத்தட்டுக்குள் இருந்தான். என்றோ ஓர் அரங்கில் நடந்த வயலின் கச்சேரியை அப்படியே பதிந்த தட்டு. சாதாரணப் பெட்டியில் அந்த இருமல் காதிலேயே விழாது. இசைத்தட்டுப் பித்தால் ஊசிக்காரர் என்றே பேரெடுத்தவர் பாதிச் சொத்தைக் கரைத்து வாங்கிய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஆளுயர ஸ்பீக்கர்களும், அவன் இடது பக்கம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது வரை காட்டிக்கொடுத்தன. தட்டை இன்றைக்கே யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும்.

வாங்க வந்தவள் நரை தட்டிய பெண். பேரமே பேசவில்லை. பேரம் பேசாத கிராக்கியைக் கண்டால் ஊசிக்காரருக்கு உள்ளூர உதறும்.

“ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சார்.”

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே அளந்து போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார். அவளோ முக்காலியைத் தூக்கிப்போய் இடது ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்தாள். கேட்கத் தெரியாத ஜென்மம் என்று உதட்டைப் பிதுக்கியபடி ஊசியை இறக்கினார். இருமலுக்குக் கொஞ்சம் முன்பாகவே தூக்கியும்விட்டார்.

“அவ்வளவுதாம்மா. மீதியும் இதே மாதிரிதான்.”

“எடுக்காதீங்க சார், ஓடட்டும்.”

ஓடியது. வஞ்சனையில்லாமல் இருமினான்.

“இன்னொரு தடவை அந்த இடத்தைப் போடுங்க.”

போட்டார். அவள் குனிந்து ஸ்பீக்கர் துணியில் காதை வைத்துக்கொண்டாள். சரக்கின் சொத்தையைப் பிடித்துவிட்டாள், இனி விலையை அடிமாட்டுக்கு இறக்குவாள் என்று ஊசிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரிம்மா, ஒத்துக்கறேன், பாதி விலைக்கே எடுத்துட்டுப் போங்க! நான் என்ன பண்ணட்டும்? கருமம் பிடிச்சவன், டிக்கெட் வாங்கிட்டு வந்து எல்லார் மேலயும் காறியிருக்கான். இந்த இருமலுக்கு அவன் எப்பவோ செத்திருப்பான்!”

காதை எடுக்காமலே அவள் சொன்னாள்:

“ஆமா சார். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்கப்பா போயிட்டார்.”