புலிக்கு வைத்த பேர்

"ஹிலாரியோ! இங்க பாரு, ஹிலாரியோ!"

கம்பிவேலிக்கு வெளியே நின்ற சுற்றுலாக்காரர்கள் கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

உள்ளே, பனைமட்டை நிழலில், புலி கோழியைக் கடித்துக்கொண்டிருந்தது. பலகையில் ஜாகுவார் என்று எழுதியிருக்கும். எங்கள் பெலீஸ் காட்டோரத்தில் அதற்குப் புலி என்றுதான் பேர்.

ஃபெலிசியானா வேலிக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள்.

சரணாலய மேலாளர் அவள் பக்கம் குனிந்தார். "உங்க வீட்டுக்காரர் ஞாபகமா வச்ச பேரும்மா. குண்டடி பட்டுக் கிடந்ததைக் கண்டுபிடிச்சதே அவர்தானே. நாளைக்குக் காட்டுல விடுறோம். அதான் உங்களை வரச்சொன்னோம்."

"அது என் புருஷன் பேரு."

"ஆமாம்மா, அதனாலதான்..."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கோழி போடுவீங்களா? அவனுக்கு ஒரு வண்டி அனுப்ப முடியல, பேர் மட்டும் கேக்குதா உங்களுக்கு?"

கேமராக்கள் தாழ்ந்தன. விஷயம் புரியாத ஒருவன் அவளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அவ்வளவு பெரிய காட்டுக்கு ஒரே ஜீப். அதை ஓட்டுபவன் பாசிலியோ, அவளுடைய சொந்த அண்ணன். புலி அடிபட்டுக் கிடைத்த அன்று அவன் அதற்கு மயக்க ஊசி போட்டு ஏற்றிக்கொண்டு நகரத்து மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தான். சுட்டவனின் தடம் தேடிக் காவலாளி ஹிலாரியோ மட்டும் ஆற்றோரம் தங்கிவிட்டான். அங்கேதான் பாம்பு கடித்தது.

வாக்கி-டாக்கியில் கூப்பிட்டிருக்கிறான். பாசிலியோ வரவில்லை. ஹிலாரியோ அங்கேயே செத்துப்போனான். ஊருக்கே தெரியும்.

மனுஷனை விட்டுவிட்டு மிருகத்தை ஏற்றிக்கொண்டு போனவன் என்று ஃபெலிசியானா சந்தையில் நின்று சொன்னாள், கோயில் வாசலில் சொன்னாள். அவன் கொண்டுவந்து வைத்த சோளத்தைப் பன்றிக்குக் கொட்டினாள். அவன் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

இப்போதும் ஜீப்பில் சாய்ந்துகொண்டு தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நேராக அவனிடம் போனாள்.

"ஏன்டா திரும்பி வரல? கூப்பிட்டான்ல? உன்னைத்தானேடா கூப்பிட்டான்?"

அண்ணனை அவள் 'டா' போட்டுப் பேசியதே இல்லை.

பாசிலியோ சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"திரும்பினேன், ஃபெலி. பாலத்துகிட்ட வண்டியைத் திருப்பிட்டேன். என்ன பாம்புன்னு கேட்டேன். தண்ணிப்பாம்பு மச்சான், விஷமெல்லாம் இல்ல, சும்மா சொல்லி வைப்போம்னுதான் கூப்பிட்டேன்னான். நீ போ, புலி செத்துடப்போகுதுன்னான். சிரிச்சான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"இருட்டா இருந்திருக்கும். பாம்பைச் சரியாப் பாத்திருக்க மாட்டான்."

"நல்ல வெயில் ஃபெலி. பக்கத்துலயே அடிச்சுப் போட்டிருந்தான். மஞ்சள்தாடை."

மஞ்சள்தாடை விரியனை எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். கடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் காட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

வேலிப் பக்கம் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

பாசிலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"யார் மேலயாவது நீ கோவப்பட்டுத்தானே ஆகணும். அவன் மேல வேண்டாம்னு பாத்தேன்."

ஃபெலிசியானா அவனை அறைந்தாள். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் குத்தினாள். "பொய்க்காரன், பொய்க்காரன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள். மேலாளர் பதறி ஓடி வந்தார். பாசிலியோ அவரைக் கையமர்த்தி நிறுத்தினான்.

"விடுங்க சார்," என்றான். "அவ அடிக்கிறது என்னை இல்ல."