படிகக் கணக்கு

ஆய்வகத்தின் கடைசி மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஒன்பது நாளுக்கு முன் சாலை விபத்தில் இறந்துபோன ஆய்வாளனின் அப்பா, மகனுடைய சாமான்களை எடுத்துப்போக வந்தவர், அவன் நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பை, அதில் ஒரு ஸ்வெட்டர், கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய்ப் பொட்டலம். அவனோடு நாலு வருடம் வேலை பார்த்த தோழிக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை; கணினித் திரையையே பார்க்கிறாள். அதில் சில நிமிடத்துக்கு ஒரு வரி புதிதாக வந்து விழுகிறது. "என்னம்மா, இது தானா எழுதுது?" "அவன் போட்டுட்டுப் போன கணக்குப்பா. ஒரு படிகத்துக்குள்ள எலக்ட்ரான் எல்லாம் எப்படிப் பரவியிருக்கும்னு இந்த மென்பொருள் கண்டுபிடிக்குது. விடை மாறாம நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கும்." திரை ஓரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளின் பட்டியலில் மகனின் பெயரை அவர் விரலால் தொடுகிறார். "இவன் பேரு இன்னும் இருக்கே" என்கிறார். கணினி விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. கடைசி எண்கள் அசையாமல் நிற்கின்றன; கணக்கு முடிந்தது என்று ஒரு வரி வருகிறது; பட்டியலிலிருந்து அவன் பெயர் மறைய, கீழிருந்த பெயர்கள் ஒரு படி மேலேறுகின்றன. "அவன் நினைச்ச மாதிரியே வந்திருக்குப்பா" என்கிறாள். என்ன விடை என்று அவர் கேட்கவில்லை. "இன்னொரு தடவை ஓடவிட முடியுமாம்மா?" "முடியும்ப்பா. ஆனா அவன் பேருல இனிமே விடமாட்டாங்க. என் பேருலதான் ஓடும்." அவர் மெல்லத் தலையாட்டுகிறார். எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளி வைக்கிறார்.