பதினேழாவது வளைவு

பொன்முடி ஏற்றத்தின் பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் மூடுபனி தார்ச்சாலையை நனைத்துக்கொண்டு இறங்குகிறது. தாணுவின் தொடைகள் நடுங்குகின்றன; சைக்கிள் சங்கிலி ஒவ்வொரு மிதிக்கும் நறநறக்கிறது. முன்னால் போகும் ஸ்ரீகுமாருக்கு மூச்சே வாங்கவில்லை. இருவரும் திருவனந்தபுரம் கரமனையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மூன்று மாதமாக விடியலில் சேர்ந்து பயிற்சி எடுத்தும் மேடு வந்தால் பின்தங்குவது தாணுதான். "ஒனக்குக் காலு இருக்குடே, மனசுதான் இல்ல" என்று சைக்கிள் குழுவில் எல்லார் முன்னாலும் ஸ்ரீகுமார் சொன்னதை நம்பி, தாணு தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தான். இப்போது ஸ்ரீகுமார் வேகம் குறைத்து அருகே வந்து, அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிறான். "சவுட்டு மக்கா, நல்லா மிதி, நான் இருக்கேம்லா." சைக்கிள் லேசாகிறது. தாணுவுக்குக் கண் நிறைகிறது. அப்போதுதான் நண்பனின் சைக்கிளிலிருந்து, அடுத்த வீட்டில் மிக்சி ஓடுவதுபோல, மெல்லிய மோட்டார் இரைச்சல் கேட்கிறது. குனிந்து பார்க்கிறான். ஸ்ரீகுமாரின் கால்கள் மிதிக்கவில்லை. சக்கரம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. "என்னடே சத்தம்?" "காத்தாக்கும்." சாலையோரம் ஒரு புல்கூட அசையவில்லை. கையை எடுடே என்று சொல்ல தாணு வாயைத் திறக்கிறான். மேலே இன்னும் ஐந்து வளைவுகள். திறந்த வாயால் மூச்சை மட்டும் இழுத்துக்கொள்கிறான்.